பார்வையற்றவரின் வியாபாரமும் நம் கடைகளும்

திருக்குர்ஆனின் 80-ஆவது அத்தியாயம் ‘அபஸ’. அதன் முதல் பத்து வசனங்கள் இறங்கிய காரணத்தை மதரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளும் அறிவார்கள். மக்கத்துக் குறைஷித் தலைவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஈமான் கொண்டுவிட்டால் இவர்களைத் தொடர்ந்து ஒரு கூட்டமே நேர்வழி பெறும் என்ற பேராவல் அவர்களுக்கு. அவ்வேளையில் பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து, தமக்கு மார்க்கத்தைக் கற்றுத் தரும்படி வேண்டினார்கள். பேச்சு இடையில் முறிந்ததால் நபியவர்களின் திருமுகம் சற்றே சுருங்கித் திரும்பியது. உடனே வஹீ இறங்கியது.

இந்த வரலாற்றை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. வந்தவர் கண் தெரியாதவர். முகம் சுருங்கியதை அவர் காணவில்லை. அவர் மனம் புண்படவும் இல்லை, எவரிடமும் சென்று முறையிடவும் இல்லை. அப்படியிருந்தும் அல்லாஹுத்தஆலா அதைப் பேசாமல் விடவில்லை. கியாமத்து நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அதை வைத்துவிட்டான். இதைப் பெருமானார் (ஸல்) அவர்களின் பாவம் என்று எவரும் எண்ணலாகாது. அன்னார் நாடியதும் தீனின் வளர்ச்சியைத்தான். உம்மத்தாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவரை நாம் புறக்கணித்தது அவருக்கே தெரியாமல் போனாலும், அது ஏட்டில் எழுதப்படாமல் போவதில்லை.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறோமென்றால், இன்று நம் வியாபாரம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வாடிக்கையாளர்களோடு நடக்கிறது. கடைத்தெருவில் இருந்த கடை இப்போது கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. ஜவுளி, அத்தர், புர்கா, பேரீச்சம்பழம், ஹஜ் உம்ராப் பயண ஏற்பாடு என எல்லாவற்றுக்கும் இணையதளம் வந்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே துணி தைத்து விற்கும் நம் பெண்மணிகளும் படம் எடுத்துப் போட்டுத்தான் ஆர்டர் பிடிக்கிறார்கள். இந்தக் கடைகளுக்குள் கண் தெரியாத ஒருவர் வந்தால் என்ன ஆகிறது என்பதே நம் கேள்வி.

ஒரு மஸ்அலாவைப் போல இதை வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கடலோரத்தில் இருப்பது கூடங்குளம். 1000 மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டு அங்கே ஓடுகின்றன. முதல் உலை 2014-ஆம் ஆண்டின் கடைசி நாளிலும், இரண்டாவது 2017 மார்ச் மாதக் கடைசியிலும் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. சுற்றுவட்டாரமெங்கும் காற்றாலைகள். ஊரின் பெயர் உலகமெல்லாம் தெரியும். ஆனால் பெருநாளைக்கு நாலு கடை ஏறி இறங்கித் துணி எடுக்க வேண்டுமென்றால் வள்ளியூருக்கோ நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுகிறவர்களே அதிகம். அவ்வூரில் பார்வையற்ற சகோதரர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். தனியாக பஸ் ஏறி நகரத்தில் அலைவதைவிட, கைப்பேசியில் வாங்குவது அவருக்கு எவ்வளவோ சுலபம். கண்ணுள்ள நமக்கு இணையதளக் கடை ஒரு வசதி. அவருக்கு அது கால் நடக்காமலே கடைத்தெருவுக்குப் போகும் வழி.

கண் தெரியாதவர் கைப்பேசியை எப்படி இயக்குவார் என்று சிலர் வியக்கக்கூடும். திரையில் உள்ள எழுத்துக்களைப் படித்துக் குரலாகச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டாக்பேக்’ என்றும், ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ என்றும் அவற்றுக்குப் பெயர். கணினிக்கென்று ‘என்விடிஏ’ என்ற இலவச மென்பொருளை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கினார்கள், அவ்விருவருமே பார்வையற்றவர்கள். விரலால் திரையைத் தொடத் தொட, அவ்விடத்தில் இருப்பதைக் குரல் சொல்லும். எழுத்து இருந்தால் எழுத்தைப் படிக்கும். படத்துக்குப் பின்னால் ஒரு விவரக் குறிப்பு எழுதி வைத்திருந்தால் அதையும் படிக்கும். குறிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டும் சொல்லும், அல்லது கோப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு எண்களாக அடுக்கும்.

நம் கூடங்குளத்துச் சகோதரர் ஒரு ஜவுளிக் கடையின் தளத்தைத் திறக்கிறார். படம் என்கிறது குரல். அடுத்தும் படம், அதற்கடுத்தும் படம். பின்பு பொத்தான், பொத்தான். எது கூடையில் சேர்க்கும் பொத்தான், எது நீக்கும் பொத்தான் என்று தெரியாது. விலை எங்கே? விலை படத்துக்குள்ளே அழகான எழுத்தில் அச்சாகியிருக்கிறது. குரலுக்கு அது எட்டாது. எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு சட்டையைத் தேர்ந்து பணம் கட்டும் இடத்துக்கு வந்தால், ‘நீர் மனிதர்தானா என்று நிரூபியும், இந்தப் படங்களில் பஸ் உள்ளவற்றைத் தொடும்’ என்கிறது தளம். அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறார்.

இதே மனிதர் மேலப்பாளையத்திலோ ஏர்வாடியிலோ ஒரு கடைக்கு நேரில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘வாங்க பாய், உட்காருங்க’ என்று கையைப் பிடித்து அமர்த்தியிருப்பார்கள். துணியை எடுத்து மடியில் வைத்து, ‘இது பருத்தி, நிறம் இளநீலம், ஓரத்தில் மட்டும் மெல்லிய கரை, விலை இவ்வளவு’ என்று சொல்லியிருப்பார்கள். நம் வியாபாரிகள் இரக்கமற்றவர்கள் அல்லர். நேரில் வந்தவரை எவரும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பமாட்டார்கள். அனுப்பினால் பக்கத்துக் கடைக்காரரே ஏசுவார். ஆனால் இணையதளத்தில் அதே மனிதர் திருப்பி அனுப்பப்படுகிறார். அவர் வந்தது முதலாளிக்குத் தெரியாது, போனதும் தெரியாது. முகம் சுளித்தவரும் தாம் சுளித்ததை அறியவில்லை!

இப்போது மார்க்கச் சட்ட நூல்களுக்கு வருவோம். பார்வையற்றவர் செய்யும் வியாபாரம் செல்லுமா என்பது நம் இமாம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்த விஷயம். ஹனபி மத்ஹபின் புகழ்பெற்ற ‘ஹிதாயா’வில் இதற்கான விளக்கம் இருக்கிறது. அதன் ஆசிரியர் இமாம் மர்கீனானி ஹிஜ்ரி 593-இல் வபாத்தானவர். பார்வையற்றவர் வாங்குவதும் விற்பதும் செல்லும். பார்க்காமல் வாங்கியவருக்கு உள்ள ‘கியாருர் ருஃயத்’ என்ற, பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உள்ள உரிமை, அவருக்கும் உண்டு. சரி, அவரால்தான் காண முடியாதே, அந்த உரிமை எப்போது முடிவடையும்? தடவி அறியும் பொருளானால் தடவியதும். முகர்ந்து அறிவதானால் முகர்ந்ததும். சுவைத்து அறிவதானால் சுவைத்ததும் முடியும். நிலம் போன்றவையானால்? அவை அவருக்கு விவரித்துச் சொல்லப்படும் வரை அந்த உரிமை முடியாது. ஏனென்றால் வருணனை, பார்வையின் இடத்தில் நிற்கிறது.

இந்தச் சொற்களைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வருணித்துச் சொல்வது கண் தெரியாதவருக்கு நாம் காட்டும் கருணை என்று அந்த ஃபகீஹ்கள் எழுதவில்லை. விவரித்துச் சொல்லாதவரை அந்தக் கொள்முதல் இறுதிப்படவே இல்லை என்கிறார்கள். வருணனை வியாபாரத்தின் ஓர் உறுப்பு. இணையதளத்துப் படத்தைத் தடவ முடியாது, முகரவும் முடியாது. அங்கே வைத்த சரக்கு எல்லாம் இந்த வகையில் நிலத்தைப் போன்றதே. ஆகவே படத்தின் பின்னால் எழுதும் விவரக் குறிப்பை நான் ஒரு கணினிச் சமாச்சாரமாகக் கருதவில்லை. அதற்கு நம் கிதாபுகளில் ஏற்கனவே பெயர் இருக்கிறது: ‘வஸ்ஃப்’.

‘எங்கள் மத்ஹபில் அப்படியில்லையே’ என்று ஷாபிஈ சகோதரர்கள் கேட்கலாம், கேட்பது நியாயமே. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ வழியில், கண்ணால் காணாத குறிப்பிட்ட ஒரு பொருளை வாங்குவது செல்லாது என்பதே வலுவான கருத்து. எனவே பார்வையற்றவர் அவ்வகைப் பொருளை வாங்க வேண்டுமானால் ஒரு வகீலை நியமிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் பார்வையற்றவரைத் தாழ்த்துவதற்காக வந்ததன்று. அவர் ஏமாந்துவிடக் கூடாது, ‘கரர்’ என்னும் அறியாமையின் ஆபத்து வியாபாரத்தில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. அதே மத்ஹபில், குணங்களைத் தெளிவாக வரையறுத்துச் சொல்லி முன்பணம் கொடுத்து வாங்கும் ‘ஸலம்’ ஒப்பந்தம் பார்வையற்றவருக்கும் செல்லும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. காரணம், ஸலமில் எல்லோருமே வருணனையைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை.

இணையதளக் கடையின் நிலையும் அதுதான். கண்ணுள்ளவர் அங்கே பார்ப்பது சரக்கை அன்று, சரக்கின் நிழலை. துணியின் கனம், தையலின் உறுதி, நிறம் மங்குமா என்பது ஒன்றும் படத்தில் தெரியாது. வந்த பொருளைப் பிரித்தபின் ‘படத்தில் வேறு மாதிரி இருந்ததே’ என்று அங்கலாய்க்காத வீடு உண்டா? ஆக, இந்தக் கடைத்தெருவில் நாம் அனைவரும் ஓரளவு பார்வையற்றவர்களே. எல்லோரும் வருணனையை நம்பியே வாங்குகிறோம். அந்த வருணனையை ஒரு சாராருக்குக் கொடுத்து, மற்றொரு சாராருக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் அதற்கு என்ன நியாயம் சொல்வது? இன்ன ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்று ஃபத்வா கூற நான் முற்படவில்லை. அதை உலமாப் பெருமக்களிடம் கேட்டுக்கொள்க. நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வியை.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத்து உண்டாகும் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. உண்மை பேசுவதோடு நிறுத்தாமல் தெளிவுபடுத்துவதையும் நபியவர்கள் சேர்த்தார்கள். தெளிவு என்பது கேட்பவரைப் பொறுத்தது. அரபியே அறியாதவரிடம் அரபியில் மட்டும் குறையைச் சொல்லிவிட்டு ‘நான் சொல்லிவிட்டேனே’ என்று ஒரு வியாபாரி தப்பிக்க முடியுமா? கண் தெரியாதவரிடம் படத்தை மட்டும் நீட்டுவதும் அதே வகைதான்.

இதற்கு வரும் மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். ‘யாருக்கு விற்பது என்பது என் இஷ்டம். வியாபாரம் இரு தரப்பின் சம்மதத்தில் நடப்பது. எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை’ என்பது ஒன்று. சொல்லளவில் சரி. ஆனால் எல்லோருக்கும் என்று கடையைத் திறந்து வைத்தவர், வாசற்படியில் ஒரு கூட்டத்தாரை மட்டும் வடிகட்டுகிறார் என்றால், அதைச் சம்மதத்தின் பெயரால் மூடிவிட முடியாது. அவர் எவரையும் மறுக்கவே இல்லையே, அவரைத் தெரியவே தெரியாதே!

மற்றொரு மறுப்பு சற்று நுட்பமானது. ‘பார்வை குறைந்தவருக்காக நீர் பார்ப்பது ஸதக்கா என்றுதானே ஹதீஸில் இருக்கிறது? ஸதக்கா என்றால் விரும்பினால் செய்வது’ என்பர். ஆம், திர்மிதியில் அக்கருத்து வந்திருக்கிறது; பாதையில் எதிர்ப்பட்ட ஒருவருக்கு நாம் கண்ணாக இருப்பது ஸதக்காதான். ஆனால் அந்தப் பாதையில் குழி வெட்டியவர் நாமே என்றால், குழியை மூடுவதற்கு ஸதக்கா என்று பெயர் வைக்க முடியாது. படத்துக்குள் விலையை அடைத்ததும், பெயரில்லாப் பொத்தானைப் பதித்ததும் நாம். பார்வையற்றவரை வழி தவறச் செய்பவரைச் சாபத்துக்குரியவராகக் கூறும் நபிமொழியும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்னது அஹ்மதில் உண்டு. வேண்டுமென்றே செய்பவரைப் பற்றியது அது என்பது உண்மையே. ஆனால் குழி இருப்பதைச் சொன்ன பிறகும் அப்படியே விட்டுவைப்பவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

‘வீட்டில் உள்ளவர்கள் வாங்கிக் கொடுக்கமாட்டார்களா?’ என்று கேட்பவர்களுக்கு மட்டும் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வையற்ற ஒரு பெண்மணி தமக்குரிய உள்ளாடைகளை வாங்க வேண்டும், அல்லது பெண்களுக்கான ஒரு மருந்தை வாங்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் படித்துச் சொல்லக் கேட்கச் சொல்கிறோமா? ஹயாவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அவர் ஹயாவை மட்டும் ஏலம் போடலாமா? பணம் கட்ட வேண்டுமென்றால் வங்கி அனுப்பும் ரகசிய எண்ணையும் பிறரிடம் சொல்ல வேண்டும். நம்பிக்கையானவர் கிடைத்தால் அல்ஹம்து லில்லாஹ், கிடைக்காவிட்டால்? வகீலை நியமிப்பது அவருக்கு மார்க்கம் தந்த சலுகை. அதைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்வது நாம் ஏற்படுத்திய நெருக்கடி.

எண்ணிக்கையைக் கேட்பவர்களும் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறையுடையோர் 50 லட்சம். செவிக் குறையுடையோரும் ஏறத்தாழ அவ்வளவே. தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வகையினரும் சேர்ந்து 11 லட்சத்து 79 ஆயிரம். செவி கேளாதவருக்கு, எழுத்தே இல்லாமல் பேச்சு மட்டும் உள்ள விளம்பரப் படமும், ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று தொலைபேசி எண்ணை மட்டும் போட்ட பக்கமும் பூட்டிய கதவுகள். கை நடுங்கும் முதியவருக்கு நெருக்கமாக அடுக்கிய சின்னஞ்சிறு பொத்தான்கள் அப்படி. வெளிர்சாம்பல் நிற எழுத்தை வெள்ளைத் தாளில் வைத்து அழகு பார்ப்பவர்கள் தம் வாப்பாவிடமே அதை ஒரு முறை காட்டிப் பார்க்கட்டும். ஆனால் எண்ணிக்கைதான் காரணம் என்றால், அன்று குறைஷித் தலைவர்கள் பலர், வந்தவர் ஒருவர்.

நாட்டுச் சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 46-ஆவது பிரிவு, அரசு தனியார் என்ற பேதமின்றிச் சேவை வழங்குவோர் அனைவரையும் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பையும் தந்தது. வங்கிக் கணக்குக்காகக் கேமராவின் முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அமிலத் தாக்குதலில் கண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி எப்படிச் சிமிட்டுவார்? அப்பெண்மணியின் மனுவையும் பார்வையற்ற ஒரு வழக்கறிஞரின் மனுவையும் விசாரித்த நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அடையும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. கடல் கடந்தும் இதே நிலைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இணைய வியாபாரத்துக்கு இது கட்டாயம். அபராதத்துக்கு அஞ்சிச் செய்வோரும் செய்யட்டும். பயன் பார்வையற்றவருக்குப் போய்ச் சேருகிறதல்லவா!

நம் பக்கத்திலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. மேலப்பாளையத்துக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியை ஆஸ்க்வித் என்ற ஆங்கில அம்மையார் தொடங்கியது 1890-இல். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் செவி கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இருவரும் கிறிஸ்தவ மிஷனரிகள். நூற்றாண்டுக்கு மேலாக அப்பள்ளிகள் எழுத்தறிவித்து அனுப்பிய மக்களுக்கு, படிக்கத் தெரிந்தும் படிக்க முடியாத பக்கங்களை நாம் விரித்து வைத்திருக்கிறோம். ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரை மாற்றி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று அழைக்க நமக்கு ஒரு நாளும் ஆகவில்லை.

செலவு பெரிதென்று அஞ்ச வேண்டியதில்லை. தளம் அமைப்பதற்கான உலகளாவிய நெறிகள் 1999 முதலே எழுத்தில் இருக்கின்றன. தளம் கட்டித் தருபவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கினால் தனிச் செலவு அதிகமில்லை. கட்டி முடித்த வீட்டை இடித்து வாசல் வைப்பதுதான் செலவு. வீட்டிலிருந்து விற்கும் பெண்மணிகளுக்கோ செலவே கிடையாது. படத்தின் கீழே நாலு வரி எழுதினால் போதும்: என்ன துணி, என்ன நிறம், எந்த அளவு, என்ன விலை, திருப்பிக் கொடுக்கலாமா. பழைய தளங்கள் சிலவற்றில் தமிழ் எழுத்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கிடக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். படித்துச் சொல்லும் மென்பொருளுக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியல். அதை யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பேசியின் குரலை மட்டும் கேட்டு, உங்கள் கடையில் நீங்களே ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள்.

ஹஜ் உம்ராப் பயண நிறுவனத்தார், ஜகாத்தும் நன்கொடையும் திரட்டும் அமைப்பினர், ஜமாஅத் நிர்வாகிகள் ஆகியோருக்கும் இது பொருந்தும். அபஸ அத்தியாயத்தின் அந்தத் தோழர் பிற்காலத்தில் மதீனாவில் முஅத்தினாக இருந்தார்கள். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பிலும் அவர்களை அமர்த்தியதுண்டு. ரமளானில் அவர்களுடைய பாங்கு ஒலிக்கும் வரை உண்ணலாம் என்பது நபிமொழி. கண் தெரியாத அவர்கள் விடியலை எப்படி அறிந்தார்கள்? விடிந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் வாயால் சொன்னார்கள். அதன் பின்பே அவர்கள் பாங்கு சொன்னார்கள். அவர்களுடைய பாங்கை நம்பி மதீனாவே உணவை நிறுத்தியது. இன்று நம் மஹல்லாக்களில் ரமளான் பிறை தெரிந்ததும் சஹர், இப்தார் நேர அட்டவணை வாட்ஸ்அப்பில் வருகிறது. பச்சை நிறக் குப்பாவும் பிறையும் வரைந்த அழகான படம். கீழே கொடையாளரான கடைக்காரரின் விளம்பரம். குரலில் கேட்பவருக்கு அது வெறும் ‘படம்’. அடுத்த ரமளானுக்கு அந்தப் படத்தின் கீழே முப்பது நாட்களின் நேரத்தையும் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பும்படி உங்கள் பள்ளிவாசல் செயலாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தட்டச்சு செய்ய உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று போதும்.